நான் கற்பூரம் ஏற்றவில்லை

சிவகாசியில் நான் வேலை பார்த்த காலண்டர் கம்பெனியின் ஆர்டர் ஆபீஸில் என்னைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. முத்துமாரி என்று ஒருத்தி இருந்தாளாம். மவுஸைப் பிடிக்கவே பயப்படுவாளாம். சீசன் நேரத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டரில் இருந்த ஆர்டர்களை ஒரே அமுக்கில் அழித்துவிட்டாளாம். பிறகு அழுதுகொண்டே அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டாளாம். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிரியதர்ஷினி இதைப் போனில் சொல்லிவிட்டு, "நெசமாக்கா?" என்று கேட்டாள்.

மவுஸைப் பிடிக்கப் பயந்தது உண்மை. அழித்தது உண்மை. அழுதேனா என்பது எனக்கே நிச்சயமில்லை, கண் கலங்கியிருக்கலாம். கற்பூரமும் மன்னிப்பும் பொய். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். மேனேஜர் வேலாயுதம் அண்ணாச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறார். நல்ல மனிதர். என் இரண்டாவது பிரசவத்தின்போது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தவர். அவர் மனம் நோகுமோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொள்கிறது. ஆனால் புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தக் கதையைச் சொல்வது அவர்தான். அப்படியிருக்க, என் பங்கை நான் சொல்வதில் தவறென்ன?

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். ரிட்டையர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் என் கணவர் முருகன் சிரிப்பார். "முப்பத்திமூணு வயசுல என்ன ரிட்டையர்டு? அப்படி என்னத்தப் பாத்துக் கிழிச்ச? காப்பி, பேஸ்ட்டுதான." அவர் பட்டாசு ஆலை வேன் ஓட்டுகிறார். கியர் போடுவதும் ஸ்டியரிங் திருப்புவதும்தானே என்று நான் அவரை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காப்பியும் பேஸ்ட்டும் எனக்குச் சும்மா வரவில்லை. விருதுநகரில் பி.காம். படித்தேன். அதில் கம்ப்யூட்டர் ஒரு பாடம். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர். முன்னால் உட்காரும் இரண்டு பேரின் கைதான் மவுஸில் படும். நான் எப்போதும் பின்னால் நின்றவள். பரீட்சையில் 'கோப்பு என்றால் என்ன' என்று கேட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு கோப்பைத் திறந்து மூடியதில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். அங்கே பாதி நாள் கரண்டு இருக்காது. சர்டிபிகேட் மட்டும் சரியான தேதியில் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

கல்யாணம் ஆகி, மூத்தவள் யாழினி பிறந்து, அவள் தவழத் தொடங்கியபோது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முருகன் வேன் ஓட்டும் ஆலையில் வேலை. போர்மேனிடம் அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். இன்னொன்று, பேப்பரில் பார்த்த இந்தக் காலண்டர் ஆபீஸ் வேலை. என் அம்மா ஆமத்தூரிலிருந்து தினமும் பட்டாசு ஷெட்டுக்குப் போகிறவள். அவளுக்கு இடது புருவம் கிடையாது. நான் பள்ளியில் படிக்கும்போது, பக்கத்து அறையில் முந்தின நாள் கூட்டாமல் விட்ட வெடிமருந்துத் தூசியை யாரோ காலால் தேய்த்துத் தீப்பிடித்ததில் போனது. அது திரும்ப முளைக்கவில்லை. நான் ஆலைக்குப் போகலாமா என்று அவளிடம் கேட்டேன். நெற்றியைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே அந்த நாற்காலி எனக்கு வெறும் நாற்காலி இல்லை. அது போனால் அடுத்தது ஷெட்.

ஆர்டர் ஆபீஸில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். தினசரி காலண்டரில் மேலே சாமி படம் இருக்கும், கீழே கடைப் பெயர் இருக்கும். படம் போட்ட அட்டைகள் முன்பே அச்சாகி அடுக்கியிருக்கும். ஆடிப் பெருக்கன்று புது மாடல் ஆல்பம் வந்ததும் கடைக்காரர்கள் படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கடைக்கும் பெயர், உரிமையாளர் பெயர், ஊர், போன் நம்பர், மேலே 'முருகன் துணை' போன்ற ஒரு வரி எல்லாவற்றையும் டைப் அடித்து, அழகாக அமைத்து, கடைக்காரரிடம் காட்டி, சரி என்று வாங்கி, அச்சுக்குப் பிளேட் போட அனுப்ப வேண்டும். ஒரு கடைக்கு ஒரு ஃபைல். அந்த வேலையைச் செய்தவர் கதிரேசன் அண்ணன். அவருக்கு உதவியாள் நான்.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனி அறை உண்டு. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். திரையில் இருக்கன்குடி மாரியம்மன் படம். வேலாயுதம் அண்ணாச்சி காலையில் வந்ததும் ஊதுபத்தி கொளுத்தித் திரைக்கு மூன்று சுற்றுக் காட்டுவார். அவருக்கு ஒரு கட்டளை இருந்தது. பூஜை நேரத்தில் அம்மன் முகத்தின் மேல் ஒரு ஐகானும் இருக்கக் கூடாது.

"ஆத்தா மொகத்துல சிலேட்டுத் துண்டு ஒட்டின மாதிரி இது என்னத்துக்கு? எடும்மா அத" என்பார்.

அண்ணாச்சிக்கு மவுஸ் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஆனால் அந்த அறையில் எல்லாம் அவர் கண் பார்வையில்தான் நடக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். "நல்லாருக்கு" என்பார். பிறகு செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். சாதாரணமாக என்னை "தாயி, வா, போ" என்று கூப்பிடுகிறவர், கோபம் வந்தால் மரியாதையைக் கூட்டுவார். "வாங்க, சொல்லுங்க, என்ன செஞ்சு வச்சிருக்கீக" என்று வந்துவிட்டால் அன்று யாரும் அவர் பக்கம் போக மாட்டார்கள்.

சேர்ந்த புதிதில் எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். தமிழ் டைப்பில் கே என்று எழுதியிருக்கும் கட்டையை அமுக்கினால் திரையில் 'ம' வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் கதிரேசன் அண்ணனைத் திரும்பிப் பார்ப்பேன்.

"அமுக்கட்டாண்ணே?"

"அமுக்கு தங்கச்சி. வெடிக்காது."

அவர் விளையாட்டாகச் சொல்லுவார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அமுக்கினால் வெடிக்கும் ஊரில்தான் நான் வளர்ந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவில் நானும் அம்மாவோடு பேக்கிங் ஷெட்டுக்குப் போயிருக்கிறேன். அங்கே கற்றுக்கொண்டவை இன்னும் உடம்பிலேயே இருக்கின்றன. உள்ளே போகும் முன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். எதையும் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாயங்காலம் அறையைக் கூட்டாமல் வெளியே வரக் கூடாது. மிச்ச மருந்து, தூசி, சிந்தினது ஒன்றும் இரவில் அறைக்குள் தங்கக் கூடாது. "கூட்டியாச்சா?" என்று போர்மேன் வாசலில் நின்று கேட்பார். கூட்டியாச்சு என்று அறையில் இருந்த நாலு பேரும் சொன்ன பிறகுதான் வேன்.

கார்த்திகை மாதம். காலண்டர் லோடு லாரியில் கிளம்ப இன்னும் சில நாட்களே இருந்தன. கதிரேசன் அண்ணன் தன் மகனுக்கு மொட்டை போட இருக்கன்குடிக்குப் போனார். முந்தின சாயங்காலம், எப்போதும்போல, திரையில் இருந்த ஃபைல்களை மொத்தமாகப் பிடித்து மூலையில் குப்பைத்தொட்டிப் படம் போட்ட ரீசைக்கிள் பின்னில் தள்ளிவிட்டுக் கிளம்பினார். தினமும் அப்படித்தான் செய்வார். முடிந்த வேலையைத் தூக்கிப் போடுகிறார் என்றே நினைத்தேன். அவர் காலையில் எனக்கு முன்னால் வந்து, அண்ணாச்சியின் பூஜை முடிந்ததும், அவற்றைத் திரும்ப வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பது எனக்குத் தெரியாது. என்னை இறக்கிவிடும் முருகனின் ஆலை வேன் வருவதற்குள் அது முடிந்திருக்கும்.

அவர் இல்லாத அன்று அறையில் நான் தனியாக இருந்தேன். பார்சலில் ஒட்டும் முகவரிகளை மட்டும் அடித்தேன். சாயங்காலம் கிளம்பும் முன் ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். மேசை சுத்தம். திரையில் அம்மன் முகம் சுத்தம். மூலையில் அந்தக் குப்பைத்தொட்டிப் படம் மட்டும் நிரம்பி வழிந்தது. காகிதம் கசங்கி வெளியே தெரிவதுபோல் வரைந்திருப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது. கூட்டாமல் போகிறோமே என்று.

மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினேன். காலி செய் என்று ஒரு வரி வந்தது. தொட்டதும், இவற்றை நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. 'நோ' கொடுத்தேன். வெளியே வந்து செருப்பு மாட்டினேன். திரும்ப உள்ளே போனேன். மறுபடி கேட்டது, மறுபடி 'நோ'. குப்பையைத்தானே கூட்டுகிறோம், இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அம்மாவின் நெற்றி நினைவுக்கு வந்தது. 'யெஸ்' கொடுத்தேன். காகிதத்தைக் கசக்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. தொட்டி காலியானது. அன்று வேனில் ஏறும்போது மனம் லேசாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

மறுநாள் நான் போனபோது கதிரேசன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். மேசையில் பிரசாதப் பொட்டலம். திரையில் காலித் தொட்டி.

"தங்கச்சி, இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"கூட்டிட்டேண்ணே."

"மொட்டை போடப் போனது என் மகனுக்கு. இங்கன எனக்கும் சேத்துப் போட்டு வச்சிருக்கியே" என்றார்.

அதில் இருந்தவை குப்பை இல்லை. கடைக்காரர்கள் சரி என்று சொல்லி, பிளேட் போடக் காத்திருந்த ஃபைல்கள். அம்மன் முகத்தில் படாமல் வைக்க அவருக்குக் கிடைத்த இடம் அந்தத் தொட்டிதான். ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் என்னைப்போல ஒருவருக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டவர்தான்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். சில ஃபைல்கள் பெயர் இல்லாமல் கிடைத்தன. திறந்தால் கட்டம் கட்டமாக வந்தன. "முடிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலாயுதம் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். பிறகு கதிரேசன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் பிரசாதப் பொட்டலத்தைப் பார்த்தார். ரீசைக்கிள் பின்னில் வைத்தது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள். நான் அதற்காக அவரைத் திட்டியதில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் கலர் மாற்றிப் போட்டவரோ, பைண்டிங்கில் கட்டு மாற்றிக் கட்டியவரோ, தப்புச் செய்தால் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள், வேலையை விட்டு நீக்கவும் மாட்டார்கள். எல்லோர் முன்னாலும் அம்மன் படத்துக்குக் கற்பூரம் ஏற்றி, "தப்பு என்னுது ஆத்தா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதோடு முடிந்துவிடும், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கேட்கும்போது இது நல்ல வழக்கமாகத்தான் தெரியும். எனக்கும் தெரிந்தது. அதனால்தான் அன்று மறுப்பது எனக்கு எளிதாக இல்லை.

அண்ணாச்சி கற்பூரத் தட்டைக் கொண்டுவந்து மானிட்டர் முன்னால் வைத்தார். பைண்டிங் அக்காக்கள் வாசலில் வந்து நின்றார்கள். டிபன் பையில் என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வீட்டில் யாழினிக்கு என்னவோ என்று மனம் அங்கே ஓடியது. எடுக்க முடியவில்லை.

"ஏத்துங்க" என்றார் அண்ணாச்சி.

நான் தீப்பெட்டியைத் தொடவில்லை.

"ஏத்திட்டுப் போயேன் முத்துமாரி, என்ன கொறஞ்சிரப் போகுது" என்று வாசலிலிருந்து ஒரு அக்கா சொன்னார்.

"ஆத்தா பேரையே வச்சிருக்கீக. ஆத்தாகிட்டக் கேக்க வெக்கமா?" என்றார் அண்ணாச்சி.

எனக்குக் கோர்வையாகப் பேச வராது. வீட்டில் போய் யோசித்து, இப்படிச் சொல்லியிருக்கலாம், அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று படுக்கிறவள் நான். அன்று என்ன சொன்னேன் என்பதைப் பிறகு பலமுறை மனதுக்குள் திருத்தியும் இருக்கிறேன். ஆனால் ஏறத்தாழ இதுதான்:

"ஆத்தாகிட்ட எனக்கு வெக்கமில்ல அண்ணாச்சி. ஆனா நான் கூட்டினது குப்பைத்தொட்டிய. குப்பைத்தொட்டியில சரக்க வச்சது நான் இல்ல. கூட்டுனது தப்புன்னு நான் கற்பூரம் ஏத்துனா, எங்கம்மா வேலை பாக்குற ஷெட்டுல அம்புட்டுப் பேரும் தினம் ஏத்தணும்."

யாரோ சிரித்து, அடக்கினார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"அப்ப சரக்கு போனதுக்கு யாரு பொறுப்பு? நானா?"

"அழிஞ்சத நான் அடிச்சுத் தாரேன். அது என் வேலை. மன்னிப்பு வேற, வேலை வேற."

"நாளையிலருந்து வர வேண்டாம்னு சொன்னா?"

நாற்காலி, ஷெட், போர்மேன், யாழினி எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. இந்த நேரத்தில் தட்டை எடுத்துவிடலாமே, ஒரு வார்த்தைதானே என்று தோன்றியது உண்மை. ஏன் எடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு ஒரே பதில்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் மறுநாளும் ஃபைல்கள் தொட்டிக்குள்தான் போயிருக்கும். கற்பூரம் எரிந்து முடிந்ததும் எல்லோரும் நிம்மதியாக, பழையபடியே வேலை பார்த்திருப்பார்கள்.

"லோடு போற வரைக்கும் வாரேன் அண்ணாச்சி. அதுக்கப்புறம் நீங்க சொல்லுங்க."

அவர் தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். நான் வெளியே ஓடிப் போனை எடுத்தேன். யாழினிக்குப் பருப்புச் சாதம் ஊட்டலாமா, ரசம் சாதமா என்று கேட்கத்தான் மாமியார் அத்தனை தடவை அழைத்திருக்கிறார்.

கம்ப்யூட்டரை நான் கற்றுக்கொண்டது அதற்கடுத்த நாட்களில்தான். சென்டரும் காலேஜும் சொல்லித் தராததை அந்த ஏற்றப்படாத கற்பூரத் தட்டு சொல்லித் தந்தது. அது கண்ணெதிரிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முதல் வேலையாகத் திரையின் அடியில், அம்மன் பாதத்துக்கும் கீழே, ஒரு ஃபோல்டர் போட்டேன். வலது பக்கம் அமுக்கி, 'நியூ', அதற்குள் 'ஃபோல்டர்'. பெயர் கேட்டது. 'நடப்பு ஆர்டர்' என்று வைத்தேன். அதற்குள் ஊர் வாரியாக ஃபோல்டர்கள். பிறகு ஆர்டர் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பழைய மாதிரி ஃபைலைத் திறந்தேன். ஒரு கடைக்கு அடித்து சேவ் கொடுத்ததும்தான் புரிந்தது, மாதிரியே மாறிவிட்டது. அதிலிருந்து ஒரு முறை வகுத்துக்கொண்டேன். மாதிரியைத் திறந்ததும் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் முதலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து, புதிய கடையின் பெயரை வைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் கை. ஷெட் வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவதுபோல. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷெட்தான் சொன்னது.

காப்பி, பேஸ்ட் என்று முருகன் சிரிக்கிறாரே, அதில்தான் அதிக ஆபத்து. ஒரு கடையின் போன் நம்பரை இன்னொரு கடைக்குக் கீழே ஒட்டிவிட்டால் வருடம் முழுவதும் ஒருவருக்கு வரவேண்டிய போன் வேறொருவருக்குப் போகும். ஒட்டிய ஒவ்வொரு நம்பரையும் போனில் அடித்துப் பார்த்தேன்.

"ஏம்மா, போன மாசம்தான அம்புட்டையும் சொன்னேன்?" என்றார் சாத்தூர்ப் பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர்.

"இன்னொருக்கா சொல்லுங்க அண்ணாச்சி. பேரு தப்பாயிரக் கூடாதுல்ல."

"அப்படியா. நல்லதாப் போச்சு. பேரன் பொறந்திருக்கான். அவன் பேர்ல கடைய மாத்திருக்கோம். அடிச்சிருந்தீகன்னா வீணாப் போயிருக்கும்."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். கதிரேசன் அண்ணனும் சிரித்தார். அதன் பிறகுதான் அவர் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் இன்னொன்று நடந்தது. ஒரு கடைக்கு ஆறு வரிகளையும் அடித்து முடித்திருந்தேன். எல்லாம் தேர்வாகி நீலமாக இருந்தபோது கை தவறி ஒரு கட்டையில் பட்டது. ஆறு வரியும் போய் ஒரு 'ம' மட்டும் நின்றது. கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஷெட்டில் ஏதாவது புகைந்தால் கையைத்தான் முதலில் இழுத்துக்கொள்வோம்.

"பயப்படாத. கன்ட்ரோலயும் இசட்டையும் சேத்து அமுக்கு" என்றார் அண்ணன்.

அமுக்கினேன். ஆறு வரியும் வந்து நின்றது.

"இது எப்பருந்து இருக்குண்ணே?"

"எப்பவும் இருக்கு."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு அடி பின்னால் போகலாம் என்று ஒருவரும் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? கேட்காமல் எதையும் அமுக்காதே என்று எத்தனை பேர் சொன்னார்கள். நான் வளர்ந்த இடத்தில் தவறு நடந்தால் ஓடுவதற்குக் கதவு உண்டு. நடந்ததைத் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. அந்தப் பயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அது தேவையே இல்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தில்தான் நான் துணிந்து 'யெஸ்' கொடுத்திருக்கிறேன். அண்ணன் சிரித்தார், நானும்.

அன்றிலிருந்து யாரிடமும் கேட்காமல் அமுக்கினேன். வலது பக்கம் அமுக்கினால் என்னென்ன வருகிறது, ஒவ்வொன்றையும் தொட்டால் என்ன ஆகிறது என்று பார்த்தேன். அப்படித்தான் ஐகான்களை மறைக்கும் வழி கிடைத்தது. வெறும் திரையில் வலது பக்கம், 'வியூ', அதில் கடைசி வரி. ஒரு தட்டில் எல்லா ஐகானும் மறைந்தன. இன்னொரு தட்டில் திரும்பி வந்தன. எதுவும் அழியவில்லை.

மறுநாள் காலை முருகனிடம் சொல்லி முதல் வேனில் சீக்கிரம் போனேன். அண்ணாச்சி ஊதுபத்தியோடு வந்தார். திரையில் அம்மன் மட்டும்தான். ஒரு புள்ளிகூட இல்லை. மூன்று சுற்று காட்டினார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்.

"ஏம்மா, மறுபடியும் எல்லாத்தையும் அழிச்சுட்டீகளா?"

"இல்ல அண்ணாச்சி. இங்கன அமுக்குங்க."

அவர் கையை நீட்டவில்லை. நான் அந்தக் கடைசி வரியைத் திறந்து வைத்து மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். ஊதுபத்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சூடான பாத்திரத்தைத் தொடுவதுபோல ஒரு விரலால் அமுக்கினார். ஐகான்கள் வந்தன. நான் அந்த வரியை மறுபடி திறந்து காட்ட, மறுபடி அமுக்கினார். போயின. மறுபடி. அன்று பூஜை கொஞ்சம் நீண்டுவிட்டது.

லோடு சொன்ன நாளில் கிளம்பியது. லாரி வாசலைத் தாண்டியதும் நான் டிபன் பையை எடுத்துக்கொண்டு அவர் மேசை முன்னால் போய் நின்றேன். அவர் சொல்லட்டும் என்று. அவர் பில்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போயிட்டு வாரேன் அண்ணாச்சி."

"கூட்டியாச்சா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"கூட்டியாச்சு."

"சரி தாயி."

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். யாழினி பள்ளிக்கூடம் போகிற வரைக்கும், இரண்டாவது பிள்ளை வயிற்றில் வளர்கிற வரைக்கும் போய்க்கொண்டே இருந்தேன். கற்பூரத் தட்டைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. தினமும் சாயங்காலம் "கூட்டியாச்சா?" என்று மட்டும் கேட்பார்.

பிறகு எதற்காக அவர் எல்லோரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னார்? இதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி ஏற்றாமல் தப்பித்தாள் என்று தெரிந்தால் அடுத்தவர்களும் ஏற்ற மாட்டார்கள் என்றிருக்கலாம். தனக்கே ஆறுதலாக இருக்கட்டும் என்றிருக்கலாம். அவரை மரியாதைக் குறைவாக நினைக்கிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

போன வாரம், பிள்ளையைத் தூங்கப் போட்டுக்கொண்டிருந்தபோது, பிரியதர்ஷினி மறுபடி போன் செய்தாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அக்கா, நடப்பு ஆர்டர் ஃபோல்டரையே காணோம். கை வழுக்கி எங்கயோ இழுத்துட்டேன் போல. அண்ணாச்சி தட்ட எடுத்துட்டு வந்து வச்சிட்டாக. ஏத்தச் சொல்றாக. எல்லாரும் நிக்காக."

"தட்டத் தொட்டியா?"

"இல்லக்கா."

"தொடாத. அதுக்கப்புறம் வேற எதையும் அமுக்குனியா?"

"பயமா இருந்துச்சு. கைய எடுத்துட்டேன்."

"நல்லது. இப்ப வெறும் திரையில ஒரு தட்டு தட்டு. கன்ட்ரோலயும் இசட்டையும் சேத்து அமுக்கு. ஒரே தடவ."

அந்தப் பக்கம் கட்டை அமுங்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றுவது கேட்டது.

"அக்கா, வந்துருச்சு."

"அம்புட்டும் உள்ள இருக்கா, தெறந்து பாரு."

"இருக்குக்கா."

"சரி. தட்ட எடுத்து உள்ள வச்சுட்டு வேலையப் பாரு."

"அண்ணாச்சிகிட்ட என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத. சாயங்காலம் கூட்டியாச்சான்னு கேப்பாக. தொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு, கூட்டிட்டுப் போ."